சுகந்தி தட்டச்சு செய்கிறார்

போய்விட்டது. விரல் எண்டரிலிருந்து எழும்புவதற்குள் 'டுக்' என்று அந்தச் சின்னச் சத்தமும் வந்துவிட்டது. செய்தி போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக அப்படி ஒரு சத்தம் வேண்டும் என்று கேட்டு வாங்கியதே ரேணுகாதேவிதான். அதற்காக மூன்று மீட்டிங்கில் தொண்டைத் தண்ணி வற்றப் பேசியிருக்கிறாள், அதனால் சத்தத்தைக் குறை சொல்ல வழியில்லை. குறை, அது போய்ச் சேர்ந்த இடத்தில் இருந்தது. அனுப்பிய பிறகு யாருக்குப் போயிற்று என்று ஒருமுறை தலைப்பைக் கேட்டுக்கொள்வது அவள் பழக்கம். ஹெட்போனில் இயந்திரக் குரல் 'சோதனை இரண்டு' என்று சொல்லியிருக்க வேண்டும். 'சுகந்தி' என்றது. மறுபடி கேட்டாள். சுகந்தி. மற்றவர் காதுக்கு வண்டு இரைச்சலாகக் கேட்கும் வேகத்தில் அந்தக் குரலை ஓடவிட்டிருப்பவள், வேகத்தைப் பாதியாகக் குறைத்து இன்னொருமுறை கேட்டாள். மெதுவாகச் சொன்னதால் ஆள் மாறிவிடவில்லை. முப்பத்தேழு வயதாகும், பிறந்ததிலிருந்தே கண் தெரியாத, சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியின் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்து, 'சேதி' என்கிற அரட்டைச் செயலியைப் பார்வையில்லாதவர்கள் தட்டுத்தடுமாறாமல் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துச் சொல்வதற்காகவே சம்பளம் வாங்குகிற ரேணுகாதேவி, இரண்டு வருஷம் நான்கு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தன் தங்கைக்கு 'சாப்டாச்சா' என்று அனுப்பியிருக்கிறாள். காலை பதினொன்று நான்கு.

எப்படி நடந்தது என்பது உடனே புரிந்துவிட்டது, அதுதான் வேடிக்கை. சோதனைக்கென்றே கம்பெனி இரண்டு கணக்குகள் வைத்திருக்கிறது, சோதனை ஒன்று, சோதனை இரண்டு. அவற்றின் பின்னால் மனுஷர் யாரும் கிடையாது. எது அனுப்பினாலும் சரியாக ஐந்து விநாடி தட்டச்சு செய்வதுபோலப் பாவனை செய்துவிட்டு 'நலம்' என்று பதில் சொல்லும். அந்தக் கணக்கிலிருந்து இந்தக் கணக்குக்கு அனுப்பிப் பார்த்தால் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். ரேணுகா கேட்கவில்லை. ஆளில்லாத வீட்டில் நடந்து பார்த்துவிட்டுக் கல்யாண மண்டபத்தில் நடக்கலாம் என்று எப்படிச் சொல்வது, நாலு பக்கமும் நிஜச் செய்திகள் வந்து விழும்போதும் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டாமா என்று சொல்லித் தன் சொந்தக் கணக்கிலிருந்தே சோதித்தாள். வேண்டியவர்களின் பெயரைப் பட்டியலின் தலைமாட்டில் குத்தி வைத்துக்கொள்ளலாம், அவை அகர வரிசையில் நிற்கும், புதுச் செய்தி வந்த குழு மட்டும் அவற்றுக்கும் மேலே ஏறும். சுகந்தி, அதற்குக் கீழே சோதனை இரண்டு. பேசாத தங்கையை எதற்குக் குத்தி வைத்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால் எடுக்க நேரமில்லை என்று சொல்வாள். இரண்டு விசை தட்டினால் எடுத்துவிடலாம், இரண்டு வருஷத்தில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. சோதனை இரண்டின் மேல் வந்து நின்றாள். நிற்பதாகக் குரலும் சொன்னது. அந்த நேரம் பார்த்துக் கேண்டீன் குழுவில் யாரோ 'இன்னைக்கு தக்காளி சாதம்' என்று போட, கேண்டீன் எல்லோரையும் தாண்டி மேலே போயிற்று, மற்றவர்கள் ஒவ்வொருவராக ஒரு படி கீழே இறங்கினார்கள். ரேஷன் கடை வரிசையில் ஒருவர் முன்னால் புகுந்தால் மூன்றாவது இடத்தில் நிற்பவர் வேறு ஆளாகிவிடுவதுபோல அவள் நின்ற இடத்துக்குச் சுகந்தி வந்து நின்றாள். கண் உள்ளவர்களுக்குப் பெயர் மாறியது தெரிந்திருக்கும். குரல் வாயைத் திறக்கவில்லை. ரேணுகா பத்து வருஷமாகச் சோதனைக்கு அனுப்பும் ஒரே வாக்கியத்தைத் தட்டினாள், எண்டர். இன்றைக்கு மத்தியானம் நாடு முழுக்க வெளியாகப் போகிற புதுப் பதிப்பில் இப்படி ஒரு ஓட்டை. நல்லவேளை கண்டுபிடித்தேன் என்று அவள் சந்தோஷப்பட வேண்டும். வேலை பார்க்கிறவளாக ஒரு நொடி சந்தோஷப்படவும் செய்தாள்.

அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று கேட்க அம்பு விசையை ஒருமுறை மேலே தட்டினாள், கேட்டிருக்க வேண்டாம். போன தடவை அவள் அனுப்பியது அங்கேயே இருந்தது. 'தெரிஞ்சவங்க சாப்பிட்டாங்க. கிளம்பறாங்க.' தேதி, நேரம், படிக்கப்பட்டது. அதற்கு அடுத்து இரண்டு வருஷம் நான்கு மாதம் ஒன்றுமில்லை. அதற்கு அடுத்து 'சாப்டாச்சா'. வரிசையாகப் படித்தால் கிண்டல் செய்வதுபோல இருக்கிறது. எழுந்து போனவள் திரும்பி வந்து இலையில் உட்கார்ந்துகொண்டு உனக்கு ஆயிற்றா என்று கேட்பதுபோல. அழித்துவிடலாம். அனுப்பியதை ஒரு மணி நேரத்துக்குள் 'எல்லோரிடமிருந்தும் நீக்கு' என்று சொல்லித் திரும்ப எடுக்கலாம், பன்னிரண்டு நான்கு வரை அவகாசம் இருக்கிறது. அந்தப் பொத்தான் எங்கே என்று அவள் விரலுக்குத் தெரியும், அதற்கு ஒழுங்காகப் பெயர் வைக்கச் சொல்லி எழுதியவளும் அவள்தான், முன்பெல்லாம் அது வெறும் 'பொத்தான்' என்றுதான் சொல்லும், பக்கத்தில் இருப்பதும் 'பொத்தான்', அதற்குப் பக்கத்தில் இருப்பதும் 'பொத்தான்', மூன்றில் ஒன்று அழிக்கும், ஒன்று அனுப்பும், ஒன்று கேமராவைத் திறந்து உன் முகத்தைப் பிடிக்கும். இப்போது எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது. நீக்கினால் அந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு வரி நிற்கும். என்ன நீக்கினாள் என்று சுகந்தி யோசிப்பாள். திட்டி எழுதி எடுத்துவிட்டாள் என்று நினைப்பாள். அப்படி நினைத்தால் நினைக்கட்டும், சாப்டாச்சா என்று வலிய வந்து கேட்டாள் என்று நினைப்பதைவிட அது மேல். விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோனாள். அப்போது குரல் சொன்னது: 'படிக்கப்பட்டது.' அதைத் தொடர்ந்து, அதே உப்புச்சப்பில்லாத தொனியில்: 'சுகந்தி தட்டச்சு செய்கிறார்.'

செய்கிறார். பிறந்ததிலிருந்து சுகந்திக்கு யாரும் 'ஆர்' போட்டதில்லை, இந்தச் செயலிதான் முதலில் மரியாதை கொடுக்கிறது. இந்த அறிவிப்பும் ரேணுகாவின் சண்டையில் வந்ததுதான். எதிராளி தட்டிக்கொண்டிருக்கும்போது திரையில் மூன்று புள்ளிகள் குதிக்கும் என்று இர்ஃபான் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னான். உக்கடத்துப் பையன், அவள் குழுவில் நிரல் எழுதுகிறவன், பக்கத்து மேஜை. எத்தனை வருஷமாகக் குதிக்கிறது என்று கேட்டாள். ஆரம்பத்திலிருந்தே என்றான். அப்படியானால் இத்தனை காலம், நான் ஒருத்திக்கு எழுதிவிட்டுப் பதில் வரவில்லை என்று போனை வைத்துவிட்டுப் போகும்போதெல்லாம் அவள் அந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருந்திருக்கலாம், உங்களுக்கெல்லாம் தெரியும், எனக்குத் தெரியாது, அப்படித்தானே என்றாள். புள்ளிகளைக் குரல் சொல்லும்படி செய்யும் வேலையை இர்ஃபான் ஆறு மாதம் கழித்துத்தான் முடித்துக் கொடுத்தான், வேலைப் பட்டியலில் முப்பத்தொன்றாம் எண். முடித்த பிறகு, சோதனைக்கு உதவும் பார்வையில்லாத நண்பர்களே திட்டினார்கள். செய்கிறார் நிறுத்தினார் செய்கிறார் நிறுத்தினார் என்று காது புளித்துப்போகிறது, இதை யார் கேட்டது என்று திருச்சியிலிருந்து ஒருவர் எழுதினார். அதனால் இன்றைக்கு மீதி இருப்பது ஒரே கேள்வி. இந்த அறிவிப்பு ஆரம்பத்திலேயே எல்லோருக்கும் பேச வேண்டுமா, அல்லது வாயை மூடிக்கொண்டிருந்து, வேண்டும் என்பவர்கள் தேடிப்போய்த் திறந்துகொள்ள வேண்டுமா. பன்னிரண்டு மணிக்குள் அவள் தன் மேலாளர் மேடத்துக்குச் சொல்ல வேண்டும். இர்ஃபான் நாற்காலியை உருட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. "ஏனுங்க்கா, முப்பத்தொண்ணு என்னாச்சு? தொறந்து வெக்கறதா, மூடி வெக்கறதா?" "பாத்துட்டிருக்கேன்." "மேடம் ரெண்டு தடவ கேட்டுட்டாங்க." "பாத்துட்டிருக்கேன்னு சொல்லு." குரல் குறுக்கே வந்தது. 'சுகந்தி நிறுத்தினார்.'

நிறுத்தினார் என்றால் செய்தி வர வேண்டும். வரவில்லை. கால் நிமிஷம், அரை நிமிஷம். ஏசிக் காற்று கழுத்தில் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஸ்கூலில் பரீட்சை எழுதும்போது அவள் சொல்லச் சொல்ல எழுதித் தர ஒரு பெண்ணை உட்கார வைப்பார்கள், கீழ் வகுப்பில் படிக்கிற யாராவது. ஒருத்தியிடம் ஒரு பழக்கம் இருந்தது, ரேணுகா தப்பாகச் சொன்னால் அவள் பேனா நின்றுவிடும். வாயைத் திறக்க மாட்டாள், திறக்கவும் கூடாது, மேஜைக்குப் பின்னால் மேற்பார்வை டீச்சர் உட்கார்ந்திருப்பார். காகிதத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்த கரகரப்பு நிற்கும், அவ்வளவுதான். ரேணுகா இரு இரு என்று பதிலை மாற்றிச் சொல்வாள், பேனா ஓடத் தொடங்கும். அந்த வருஷம் வரலாற்றில் தொண்ணூற்றாறு. அது காப்பியடித்ததில் சேருமா என்று அவள் வெகுநாள் யோசித்திருக்கிறாள். இப்போது நின்றிருக்கும் பேனாவுக்கு எந்தப் பதிலை மாற்றிச் சொல்வது? நான் கேட்டது தப்பு, நீ எழுதாதே, அது உனக்கில்லை, சோதனை இரண்டுக்கு. இதைச் சொல்வதற்கும் ஒரு செய்தி அனுப்பித்தான் ஆகவேண்டும். நீக்கு பொத்தானுக்கு மறுபடி போனாள். 'எல்லோரிடமிருந்தும் நீக்கு, பொத்தான்.' 'சுகந்தி தட்டச்சு செய்கிறார்.' விரலை எடுத்தாள். பதினொன்று பதினேழு.

தெரிஞ்சவங்க என்பது சுகந்தியின் வார்த்தை. மாப்பிள்ளை வீட்டார் தாராபுரம் பக்கம், நல்ல குடும்பம் என்று எல்லோரும் சொன்னார்கள். பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை ரேணுகா ஹாஸ்டலிலேயே இருந்துகொள்ள வேண்டும் என்று அம்மா போனில் சொன்னாள், வராதே என்று சொல்லவில்லை, இங்க ஒரே கூட்டமா இருக்கும் உனக்குச் சிரமம்னு பாக்கறேன் என்றாள். கூட்டத்தால் தனக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லையே என்று ரேணுகா நினைத்தாள், கேட்கவில்லை. நிச்சயதார்த்தத்துக்கும் அதே கூட்டம். அம்மாவின் உடுமலை வீட்டில் ஒரே பொண்ணு என்று அந்தப் பக்கம் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மூத்தவளுக்குப் பிறவியிலேயே கண் இல்லையென்றால் நாளைக்கு இவள் பெறுகிற குழந்தைக்கு எப்படியோ என்று கேட்பார்களாம். கேட்பார்கள்தான். டாக்டர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். கல்யாணத்துக்கு வா என்று சுகந்தியே கூப்பிட்டாள், அழுதுகொண்டுதான் கூப்பிட்டாள். ரேணுகா போனாள். பந்தியில் பக்கத்து இலைப் பெண்மணி, பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, நீங்க யாரு ஊட்டு ஒறம்பரைங்க, பொண்ணு பக்கத்துச் சொந்தமா என்று கேட்டாள். ரேணுகா வாயில் சாதம் இருந்தது. பந்தி விசாரிக்க மாப்பிள்ளையோடு வந்த சுகந்தி பின்னால் நின்றிருக்கிறாள், பட்டுப்புடவையின் சரசரப்பும் மல்லிகைப்பூ வாசமும் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது ரேணுகாவுக்குத் தெரிந்திருந்தது. சுகந்தி சொன்னாள், "தெரிஞ்சவங்க." சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். அவசரத்தில் சொன்னாள், பக்கத்தில் புருஷன் நின்றான், வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று அவளுக்காக ரேணுகாவே பல தடவை வாதாடியிருக்கிறாள். வாதமெல்லாம் ஜெயிக்கும். ஆனாலும் அந்த வார்த்தை போகாது. மண்டப வாசலில் ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது அந்த ஒரு வரியைத் தட்டி அனுப்பினாள். அன்றைக்குப் பதில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அவளும் எழுதவில்லை. சுகந்திக்கு என்னைத் தேவையில்லை என்று முடிவு கட்டிக்கொண்டாள், அந்த முடிவின் மேல் உட்கார்ந்து இரண்டு வருஷம் வேலை பார்த்தாள்.

'நிறுத்தினார்.' 'தட்டச்சு செய்கிறார்.' 'நிறுத்தினார்.' நாலாவது தடவையா ஐந்தாவதா. இது எங்கோ போய் இடிக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது, எங்கே என்று பதினொன்று இருபத்தாறுக்குப் பிடிபட்டது. அன்றைக்கு இந்த அறிவிப்பு இல்லை. ஆட்டோவிலும் பிறகு பஸ்ஸிலும் போனைக் காதோடு வைத்துக்கொண்டு சிங்காநல்லூர் வரை அவள் கேட்டுக்கொண்டே வந்தது வெறும் மௌனத்தை. கண் உள்ள ஒருவர் அந்த ஆட்டோவில் இருந்து அந்தத் திரையைப் பார்த்திருந்தால் என்ன பார்த்திருப்பார்? மூன்று புள்ளிகள் குதித்திருக்குமோ? குதித்து நின்று, குதித்து நின்று, மண்டபத்து மணமகள் அறையில் பூவைக்கூடக் கழற்றாமல் ஒருத்தி எழுதி அழித்துக்கொண்டிருந்தாளோ? ஒன்றுமே குதிக்காமலும் இருந்திருக்கலாம். தெரிந்துகொள்ள இனி வழியில்லை, அழித்ததை எந்தச் சர்வரும் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் இரண்டு வருஷம் நான்கு மாதம் ஒன்றுமில்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தது சரியில்லை. ஒன்றுமில்லை என்று குரல் சொல்லவில்லை. குரல் எதுவும் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்று மற்றவர்களுக்கு மீட்டிங் போட்டுப் பாடம் எடுத்தவள் அவள்தான், திரையில் இருந்தும் வாசிக்கப்படாதது எங்களைப் பொறுத்தவரை இல்லாததுதான் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். எல்லோரும் கைதட்டினார்கள். தன் சொந்தக் கணக்கில் அதைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாததால் தண்ணீர் குடித்தாள்.

சுகந்திக்குக் குழந்தை பிறந்த செய்தியை அம்மாதான் சொன்னாள். பெண் குழந்தை, நல்லா இருக்கறா, மூணு கிலோ. எண்பத்தொரு நாளாகிறது. நல்லா இருக்கறாளா என்று ரேணுகா ஒவ்வொரு போனிலும் பொதுவாகக் கேட்பாள், நல்லா இருக்கறா என்று அம்மாவும் பொதுவாகச் சொல்வாள். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வாய்தவறி, புதன்கிழமை உங்க ஊருக்குத்தான் வந்துட்டுப் போனாங்க, கொழந்தைய ஆஸ்பத்திரியில காட்டறதுக்கு என்றாள். "எதுக்கு?" "சும்மாதானம்மிணி, சளி." தாராபுரத்தில் சளிக்கு டாக்டர் இல்லையா? ஐம்பது மைல் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்து, சளியைக் காட்டிவிட்டு, இங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று எட்டிக்கூடப் பார்க்காமல் அன்றைக்கே திரும்பிப் போகிறவர்கள் எதைக் காட்ட வந்திருப்பார்கள்? ரேணுகாவுக்கு மூன்று மாதமாகும்போது அம்மா குத்துவிளக்கை முகத்துக்கு நேராக இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாளாம், விழி நகரவில்லையாம், அம்மா அந்த விளக்கையே அப்புறம் ஏற்றவில்லை. இதை நினைத்தபோது முதலில் அவளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எழுந்தது. ஒளிக்க வேண்டியதில்லை, எழுந்தது. ஒரே பொண்ணு என்று சொன்னீர்களே, இப்போது பாருங்கள் என்று. அது ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது, ஆனால் இருந்ததற்கு வெட்கப்பட்டாள். அதற்கு அடுத்து வந்ததுதான் பயம். குழந்தைக்குக் கண் தெரியாமல் போய்விடுமோ என்பதல்ல. கண் தெரியாமல் வாழ்வதற்கு அவளே சாட்சி, சம்பளம் வாங்குகிறாள், பஸ் ஏறுகிறாள், பிடிக்காதவர்களோடு சண்டை போடுகிறாள். அந்தக் குழந்தை தொட்டிலில் படுத்துக்கொண்டு தன்னைச் சுற்றி எல்லோரும் செத்த வீட்டில் பேசுவதுபோலத் தணிந்த குரலில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்குமே என்றுதான் பயந்தாள். அப்படிப்பட்ட குரல்களுக்கு நடுவில் வளர்ந்தவள் அவள். முதலில் அந்தக் குரலில் பேசாதவள் சுகந்திதான், நாலு வயதில், நகரு எரும உன்ற காலு என்ற பொம்ம மேல இருக்குது என்று கத்தியவள்.

"அக்கா, பதினொண்ணே முக்கால்." இர்ஃபான் மறுபடி உருண்டு வந்திருந்தான், வாயில் ஏலக்காய் மணத்தது. இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும். "இர்ஃபான், வெளியிட வேண்டாம்னு சொல்லு. லிஸ்ட்ல ஆள் மாறுது. நான் நிக்கற எடத்துல வேற ஆளு வந்து நின்னா ரீடர் குரல் சொல்ல மாட்டேங்குது. தப்பான ஆளுக்குப் போயிடுது." நாற்காலி நின்றது. "நெசமாவா? நான் இருபது தடவ பாத்தனே." "டெஸ்ட் அக்கவுண்ட்ல பாத்திருப்பே. அங்க எந்தக் கேண்டீன் இருக்குது?" அவன் தலையைச் சொறியும் சத்தம் கேட்டது. "லாக் வேணும்க்கா. யாருக்குப் போகணும், யாருக்குப் போச்சு, எல்லாம் போட்டாத்தான் மேடம் ஒத்துக்குவாங்க. யாருக்குப் போச்சு?" அவள் யோசிக்கவில்லை. யோசிக்காமல், தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே, வெகு சாதாரணமாகச் சொன்னாள்: "தெரிஞ்சவங்களுக்கு." மூடி கையிலேயே நின்றது. இவ்வளவு சுலபமாக வருமா அந்த வார்த்தை? நாக்கின் நுனியில் தயாராக இருந்திருக்கிறது. இர்ஃபான் நல்ல பையன், அவனிடம் தங்கை என்று சொன்னால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது, ஒரு புருஷன் பக்கத்தில் நிற்கவில்லை, பக்கத்து இலையில் யாரும் பாயசம் உறிஞ்சிக்கொண்டிருக்கவில்லை. கூடுதலாக ஒரு கேள்வி வரும், அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அந்தச் சள்ளை வேண்டாம் என்று இருந்தது, அவ்வளவுதான். இரண்டு வருஷமாக அவள் பெரிய கல்லாக உருட்டிக்கொண்டிருந்தது சுகந்தியிடமிருந்து இவ்வளவு சுலபமாகத்தான் வந்து விழுந்திருக்கும். சுகந்தி செய்தது சரியாகிவிடவில்லை. ஆனால் அதை எப்படிச் செய்திருப்பாள் என்பது இப்போது தெரிந்துவிட்டது. இர்ஃபான் போக எழுந்தான். "இரு," என்றாள். "தெரிஞ்சவங்க இல்ல. என்ற தங்கச்சி. லாக்ல அப்படியே போட்டுக்க. முப்பத்தொண்ணு தொறந்தே இருக்கட்டும், வேண்டாங்கறவங்க மூடிக்கட்டும்." "உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா?" என்று அவன் கேட்டான். "ஒருத்தி இருக்கறா," என்றாள்.

அதன் பிறகு பன்னிரண்டு நான்கு வரை அவள் எந்தப் பொத்தானுக்கும் போகவில்லை. மேடத்திடமிருந்து இரண்டு செய்தி, கேண்டீனிலிருந்து ஒன்று, தக்காளி சாதத்தோடு அப்பளம் உண்டு. இர்ஃபான் போனில் யாரையோ சமாதானம் செய்துகொண்டிருந்தான். 'சுகந்தி தட்டச்சு செய்கிறார்' என்று குரல் சொல்லிக்கொண்டே இருந்தது, நிறுத்தினார், செய்கிறார், திருச்சிக்காரர் சொன்னதுபோலக் காது புளிக்கத்தான் செய்தது, ஆனாலும் அவள் அதை மூடவில்லை. ஒரு சாப்டாச்சாவுக்குப் பதில் எழுத ஒருத்திக்கு ஒரு மணி நேரம் ஏன் ஆகிறது? ஆச்சு என்றால் மூன்றெழுத்து. திட்டுவதென்றாலும் இந்நேரம் திட்டி முடித்திருக்கலாம். நீளமாக ஏதோ எழுதுகிறாள், எழுதி அழிக்கிறாள். பன்னிரண்டு நான்கு ஆயிற்று. நீக்கு பொத்தான் பட்டியலிலிருந்து போய்விட்டது, போய்த்தான் விட்டதா என்று சோதித்துப் பார்த்தாள், அது வேலை. பன்னிரண்டு ஐந்து. பன்னிரண்டு ஏழு. ஒருவேளை போனைக் குழந்தை பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போயிருப்பாள். ஒருவேளை புருஷன் வந்திருப்பான். பன்னிரண்டு ஒன்பதுக்கு, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், குரல் சொன்னது: 'சுகந்தி. படம்.'

படம். படம் என்று சொன்னால் அதோடு சரி, குரல் வாயை மூடிக்கொள்ளும், பார்வையில்லாதவளுக்கு ஒருவர் படம் அனுப்புவது கதவைத் தட்டிவிட்டு ஓடிப்போவது மாதிரிதான். யாரையாவது கூப்பிட்டுக் காட்டி என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். இர்ஃபான் என்று கூப்பிட வாயெடுத்தாள். ஆனால் குரல் இன்னும் முடிக்கவில்லை. படம் அனுப்பும்போது அதில் இருப்பதை எழுத ஒரு சின்னக் கட்டம் கீழே திறக்கும்; செயலியில் அது வந்து ஒரு வருஷமாகிறது, நூற்றுக்கு ஒருவர்கூட நிரப்புவதில்லை, யாரும் பார்க்காத கட்டத்தை எதற்கு வைத்திருக்கிறோம் என்று மாதாமாதம் யாராவது கேட்பார்கள். அந்தக் கட்டத்தில் எழுதினாலும் தட்டச்சு செய்கிறார் என்றுதான் குரல் சொல்லும். சுகந்தி ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்தது அங்கே. குரல் அதை வாசித்தது, உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, தக்காளி சாதத்தை வாசித்த அதே தொனியில் வாசித்தது. 'பாப்பா பாய் மேல மல்லாக்கப் படுத்திருக்கறா. பச்சைச் சட்டை, அது பெருசா இருக்குது. வலது கைய வாயில வெச்சிருக்கறா. முடி நட்டமா நிக்குது. மூக்கு நம்ம அம்மா மூக்கு. டார்ச் அடிச்சாப் பாக்கறதில்லக்கா. கூப்பிட்டாத் திரும்பிச் சிரிக்கறா. இந்த போட்டோல சிரிக்கறது நான் கூப்பிட்டதுக்கு.'

ரேணுகா அதை இரண்டாவது தடவை கேட்டாள். மூன்றாவது தடவை வேகத்தைக் குறைத்துக் கேட்டாள். எண்பத்தொரு நாளில் அம்மாவிடம் அவள் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது, அம்மாவும் அதைத் தானாகச் சொன்னதில்லை. விசைகளின் மேல் விரல்களை வைத்தாள். அந்தப் பக்கம் மூன்று புள்ளிகள் குதிக்கத் தொடங்கியிருக்கும், சுகந்தி பார்த்துக்கொண்டிருப்பாள்.

'என்ன பேரு சொல்லிக் கூப்பிடறே?' என்று எழுதினாள். எதையும் அழிக்காமல் அனுப்பினாள்.